பதினாலு டிகிரிக் குன்று

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. இந்தக் கதையில் சத்தம் போடுகிறவர்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள், அது போதும்.

ஓர் ஊரில் ஒரு குன்று. அதன் தலையில் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பெரிய தொட்டி. தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சமதளம். அதைத் தாண்டினால் நாலா பக்கமும் புல். புல் என்றதும் பூங்காவில் கால் நீட்டிப் படுக்கிற புல்லை நினைத்துவிடாதீர்கள். மேலே ஒரு பந்தைக் கைநழுவ விட்டால், அது அடிவாரத்து வீட்டின் கொல்லைச் சுவரில் மோதிய பிறகுதான் நிற்கும். அப்படிப்பட்ட சரிவு. அடிவாரத்தில் வரிசையாகப் பதினேழு வீடுகள். கோடையில் புல் காய்ந்துவிட்டால் ஒரு சிகரெட் துண்டு போதும். போன கோடையில் வந்த நெருப்பு, கடைசி வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வையைத் தின்றுவிட்டுத்தான் அடங்கியது.

அந்தப் புல்லை வெட்டுகிற வேலை புல்லக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பதின்மூன்று வருஷமாக அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து வெட்டினார்கள். தள்ளுகிற மெஷினைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக ஓட்டக்கூடாது. பனி காய்வதற்குமுன் புல்லில் கால் வைக்கக்கூடாது. மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது. இதையெல்லாம் பசுமைப் பராமரிப்பு வாரியம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. குன்றே சொல்லித் தந்தது. கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார்தான்.

அந்த மெஷினின் கைப்பிடியில் ஒரு கம்பி உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பிளேடு சுற்றும். கையை விட்டால் நின்றுவிடும். கம்பி தளர்ந்துபோய் மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஸ்டோர் ரூமில் அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டி, 'பழுது நீக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அண்ணன் சறுக்கினார். கையை விட்டார். மெஷின் நிற்கவில்லை. இடது காலில் மூன்று விரல்கள் போயின.

விசாரணை நடந்தது. முறையாகவே நடந்தது. மெஷின், கம்பி, ஸ்டோர் ரூம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன என்றும், கால் மட்டும் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது என்றும் அறிக்கை முடிந்தது. அண்ணனை வாரிய வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருகிறவர்களின் பெயரை எழுதும் வேலை கொடுத்தார்கள்.

புதிதாக ஒரு மெஷின் வாங்கியாக வேண்டும். அதற்கு 'சரிவுப் புல் பாதுகாப்பு இயந்திரத் தேர்வுக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். ஏழு பேர். புல்லக்கா எட்டாவது. அவளுக்கு வாக்கு இல்லை, நாற்காலி உண்டு.

குழு கூடுகிற அறையின் ஜன்னலைத் திறந்தால் குன்று தெரியும். ஆனால் திரையில் குன்றின் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததால், வெளிச்சம் படாமல் இருக்க ஜன்னலை மூடித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டார்கள். படத்தில் குன்று மிகவும் பணிவாக இருந்தது.

தலைவர் எழுந்து பேசினார்.

"நமக்கு முதல் தேவை பாதுகாப்பு. பாதுகாப்புன்னா என்ன? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஏன் இப்படி ஆச்சுன்னு நம்மள யாரும் கேக்கக்கூடாது. அதுதான் பாதுகாப்பு."

ஏழு பேரும் தலையாட்டினார்கள். அதைக் குறிப்பேட்டில் வரையறையாகவே எழுதிக்கொண்டார் எழுத்தர்.

முதல் மூன்று கூட்டங்கள் இப்படி வரையறைகளில் போயின. நான்காவதில்தான் குன்றை அளக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. வாரியத்தின் பொறியாளர் கிளம்பினார். அவர் நல்ல மனிதர்தான், கண்ணுகளா. அவர் போட்டிருந்த ஷூ மட்டும் புதுசு. அதனால் குன்றில் ஏறாமல், சாலையில் நின்றபடியே கைபேசியைச் சாய்த்துப் பிடித்து அளந்தார். முப்பத்தாறு டிகிரி என்று காட்டியது.

பதினைந்துக்கு மேல் போனால் மெஷின் வாங்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்குக் கிடையாது, மேலிடத்துக்குப் போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. ஏழு பேருக்கும் மேசையில் வைக்க ஏழு பெயர்ப்பலகை வந்து இறங்கிவிட்ட நிலையில் குழுவைக் கலைப்பது எப்படி? பொறியாளர் ஒரு தாளை எடுத்துச் சராசரி போட ஆரம்பித்தார். புல்லக்கா பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல கார் நிறுத்துற இடத்தையும் சேர்த்திருக்கீங்களே?"

"அதுவும் நம்ம எல்லைக்குள்ளதானம்மா இருக்கு."

"அங்க புல்லே கிடையாதே சார்."

"புல் இல்லேன்னா என்ன? சரிவு பூஜ்யம். பூஜ்யமும் ஒரு அளவுதான்."

கார் நிறுத்துமிடத்தையும் தொட்டியின் மூடியையும் சேர்த்த பிறகும் பதினேழுக்குக் கீழே இறங்கவில்லை. பொறியாளர் பேனாவைக் கடித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மீட்டிங் ரூம் தரையச் சேர்த்ததும் பதினாலுக்கு வந்துடுச்சு பாருங்க. டைல்ஸ் போட்ட தரை. சுத்தமான பூஜ்யம்."

"நான் அந்தத் தரைல விழ மாட்டேனே சார். குன்றுலதானே விழுவேன்?"

"நீங்க எங்க விழுவீங்கன்னு அளக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லம்மா."

பதினான்கு டிகிரி என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் புல்லக்கா வழக்கம்போலக் குன்றைப் பார்த்தாள். அதற்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலிருந்தது.

அடுத்து இயந்திரப் பரிசோதனை. எந்தப் பரிசோதனையும் வாரிய வளாகத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. குன்று வளாகத்துக்கு வெளியே இருந்தது. அதனால் கூட்ட அறையின் நீள மேசையில் இரண்டு கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துச் சாய்த்து, அதன்மேல் பச்சைக் கம்பளம் விரித்தார்கள். தலைவர் அதைத் தடவிப் பார்த்து, "இயற்கை, இயற்கை" என்றார்.

விற்பனையாளர் மூன்று மெஷின்களோடு வந்திருந்தார். ஒல்லியான மனிதர். அவரிடம் ஒரு குறை இருந்தது, பொய் சொல்லத் தெரியாது.

முதல் மெஷினுக்குச் சக்கரமே இல்லை. காற்றை ஊதிக்கொண்டு தரையிலிருந்து விரலளவு உயரத்தில் மிதக்கும். மேசைமேல் வைத்து இயக்கியதும் கம்பளம் பறந்தது, கோப்புகள் பறந்தன, முந்தைய மூன்று கூட்டங்களின் வரையறைகளும் விசிறியில் போய் மாட்டிக்கொண்டன. 'அலுவலகச் சூழலுக்கு ஒவ்வாதது' என்று எழுதி அதைத் தள்ளினார்கள்.

இரண்டாவது மெஷின் தட்டையாக, ஆமை மாதிரி இருந்தது. புல்டோசருக்கு இருக்கிற மாதிரிப் பட்டை. ஓட்டுவதற்குக் கையில் ஒரு ரிமோட். சாய்ந்த மேசையில் வைத்தார்கள். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தது. புல்லக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"நாப்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் தாங்கும் சார்," என்றார் விற்பனையாளர். "இந்தம்மா மேல சமதளத்துலயே நின்னுக்கலாம். சரிவுல காலே வைக்க வேண்டாம். உருண்டாலும் மெஷின்தான் உருளும், மனுஷங்க உருள மாட்டாங்க."

"அப்ப இந்தம்மா என்ன வேலை செய்யறாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"ஓட்டறாங்க சார்."

"நிக்கறாங்களே?"

"நின்னுக்கிட்டே ஓட்டறாங்க சார்."

"மெஷினைத் தொடவே இல்ல. வேர்வை இல்ல. தூரத்துலேருந்து பாக்கற ஒருத்தர் என்ன நினைப்பார்? வாரியம் சும்மா நிக்கறவங்களுக்குச் சம்பளம் குடுக்குதுன்னு நினைக்க மாட்டாரா?"

நின்றுகொண்டிருப்பது வேலை ஆகாது என்று தீர்மானம் எழுதினார்கள். உட்கார்ந்திருந்த ஏழு பேரும் அதில் கையெழுத்திட்டார்கள்.

மூன்றாவது மெஷின், ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்பு வண்டி. மேசை தாங்காது என்பதால் அதைத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் ஏறி உட்கார்ந்தார். மெத்தென்ற இருக்கை. பக்கத்தில் தம்ளர் வைக்க ஒரு குழி. ஸ்டியரிங்கை இரண்டு தடவை திருப்பினார். அந்த முகத்தைப் பார்த்தபோதே புல்லக்காவுக்கு விஷயம் முடிந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது.

விற்பனையாளர் மட்டும் விடவில்லை. "சார், ஒளிக்காம சொல்லிடறேன். இது சமதரைக்கு. பதினஞ்சைத் தாண்டினா கவுந்துடும். கவுந்தா ஆள் மேலயே விழும். இங்க படமே ஒட்டியிருக்கு பாருங்க."

முக்கோணத்துக்குள் ஒரு வண்டி தலைகீழாகக் கிடந்தது. அதற்கு அடியில் ஒரு மனிதன்.

"இவர் ஏன் கீழ கிடக்கறார்?" என்றார் தலைவர்.

"வண்டி கவுந்துடுச்சு சார்."

"ஹெல்மெட் போட்டிருக்காரா?"

"படத்துல தெரியல சார்."

"அப்ப தப்பு அவர் மேலதான். நம்ம குன்று பதினாலுதானே? ஒரு நல்ல காரியம் தொடங்கும்போது இப்படி ஒரு படம் எதுக்கு? எடுத்துடுங்க."

எழுத்தர் ஒரு ஸ்கேலால் படத்தைச் சுரண்டி எடுத்தார். அடியில் கிடந்த மனிதன் கடைசியாகத்தான் வந்தான்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. 'பயன்படுத்துபவர் திருப்திச் சான்று' என்று ஒரு படிவம். 'இந்த இயந்திரத்தை உரிய சரிவில் (பதினான்கு டிகிரி) இயக்கிப் பார்த்தேன். முழுத் திருப்தி. இனி நேரும் எதற்கும் நானே பொறுப்பு.' இதில் புல்லக்கா கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வேலைக்கு இறங்கும், அவள் அதில் ஏற வேண்டும். கையெழுத்துப் போட்டால் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டால் வேலைக்கு ஆபத்து. படிவத்தை அவள் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். "போட்டுடு," என்றார்.

"அண்ணே, நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன். எனக்கு விரல்தானே போச்சு, வேலை போகலையே. வேலை போயிருந்தா இந்த வீட்டுல எல்லாருக்கும்ல போயிருக்கும்?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கினாள். "நல்லா இருக்கே கணக்கு! உங்களுக்கு மூணு, அவளுக்கு எத்தனைன்னு வாரியத்துல முன்னாடியே சொல்லிட்டாங்களா? அந்த வண்டி கவுந்தா விரலோட நிக்குமா?" என்றாள். "நீ போடாத. ஒருத்தர் நொண்டி நொண்டி நடக்கறதையே ராத்திரி பகலா பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு இது போதும்."

அண்ணன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து புல்லக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு, அடிவாரத்துச் சுவர்களையொட்டிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைக் கையாலேயே அறுத்துப்போட்டாள். நெருப்பு வந்தாலும் வீட்டைத் தொடக்கூடாது. அது அவள் கவலை, வாரியத்தின் கவலை அல்ல. படிவம் அவள் பையிலேயே இருந்தது. எழுத்தர் நான்கு நினைவூட்டல் அனுப்பினார். ஐந்தாவதாகத் தொடக்க விழா அழைப்பிதழே வந்துவிட்டது.

விழா குன்றின் உச்சியில், தொட்டிக்குப் பக்கத்துச் சமதளத்தில். ஏழு நாற்காலி, ஒலிபெருக்கி, ரிப்பன் கட்டிய சிவப்பு வண்டி. பதினேழு வீட்டுக்காரர்களும் படியேறி வந்திருந்தார்கள். அண்ணனும் வந்திருந்தார், தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக.

தலைவர் பேசினார். "இந்தக் குன்று நேத்து வரைக்கும் ஆபத்தான குன்று. இன்னைக்கு இது வெறும் பதினாலு டிகிரி! இது யாரோட சாதனை? ஒரு கூடை மண் வெட்டினோமா? ஒரு கல்லை நகர்த்தினோமா? உக்காந்த இடத்துலேருந்தே ஒரு குன்றைக் குறைச்சிருக்கோம்!"

ஆறு பேர் கைதட்டினார்கள்.

எழுத்தர் படிவத்தின் இன்னொரு பிரதியையும் பேனாவையும் நீட்டினார். புல்லக்கா வாங்கிப் படித்தாள்.

"இயக்கிப் பார்த்தேன்னு எழுதியிருக்கு சார். நான் பார்க்கலையே."

"கையெழுத்துப் போட்டுட்டுப் பாரும்மா," என்றார் தலைவர்.

"கவுந்துட்டா அப்புறம் நான் எங்கேருந்து சார் திருப்தியா இருக்கறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் குரல் இறுகியது. ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அது பதினேழு வீட்டுக்கும் கேட்டது.

"கையெழுத்துப் போடலேன்னா நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"சரி சார். அதை எழுதிக் குடுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல 'பதினாலு டிகிரியில இறங்க மாட்டேன்னு சொன்னா'ன்னு போடுங்க. ஊரே படிக்கட்டும். போடறதுக்கு முன்னாடி, உங்க ஏழு பேர்ல யாராவது ஒருத்தர் அந்த சீட்டுல உக்காந்து ஒரே ஒரு தடவ குறுக்க ஓட்டிக் காட்டுங்க. நான் தோத்துட்டேன்னு அப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவர் நிதிப் பிரிவு, புல் அவர் துறையில் வராது. ஒருவர் கொள்கையை மட்டும் பார்ப்பவர். ஒருவருக்குக் குழந்தைகள் சின்னவர்கள். இதை அவர் புல்லக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார், கண்ணுகளா, அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பதினாலுதானே சார்? போயிட்டு வாங்க!" என்று போர்வை பறிகொடுத்த வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்.

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். "அளந்தது நீங்கதானே? வண்டிகூட வேண்டாம். சும்மா நடந்து இறங்கிக் காட்டுங்க. இவங்க பேச்சுக்கு ஒரு முடிவு வரட்டும்."

பொறியாளர் ஒலிபெருக்கியைத் தாண்டி, புல்லில் கால் வைத்தார். முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவதை அவர் வைக்கவில்லை, ஷூவே வைத்தது. உட்கார்ந்த வாக்கில் எட்டடி சறுக்கி, இரண்டு கையாலும் ஒரு புல் கற்றையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே வர முடியவில்லை. கீழே போக மனசில்லை.

"அசையாதீங்க சார்!" என்று சொல்லிவிட்டுப் புல்லக்கா பக்கவாட்டில் திரும்பி, பாதங்களைக் குறுக்கே வைத்து இறங்கினாள். சந்தைக்குப் போகிறவள் மாதிரிப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கயாவது அடியா?"

"இல்ல. கையை விட்டா போயிடுவேன்மா."

"போக மாட்டீங்க. முட்டியை மடக்குங்க, குதிகாலை மண்ணுல அழுத்துங்க. ஆங், அப்படித்தான்." அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசி எட்டிப் பார்த்தது. "ஒண்ணு கேக்கட்டுமா சார்? இங்க எத்தனை டிகிரின்னு இப்ப பாருங்களேன்."

பொறியாளர் ஒரு கையை விட்டு, கைபேசியை எடுத்துத் தன் தொடைக்குப் பக்கத்தில் மண்ணோடு சேர்த்து வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முப்பத்தெட்டு."

"மேல கேக்கல சார்."

"முப்பத்தெட்டு!" என்று கத்தினார் பொறியாளர். அவருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

புல்லக்கா படிவத்தை எடுத்துத் தன் முழங்காலில் விரித்தாள். பதினான்கு என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுத்தாள். "நிதானமா எழுதுங்க சார். போடாட்டியும் உங்கள மேல கூட்டிட்டுப் போயிடுவேன், அதுக்காகப் பயந்து போடாதீங்க. எனக்கு அவசரமும் இல்ல."

"எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க!" என்று மேலேயிருந்து தலைவர் கூவினார்.

பொறியாளர் அண்ணாந்து பார்த்தார். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. "நீங்க இங்க இறங்கி வந்து சொல்லுங்க சார்!" என்றார். எழுதினார். கையெழுத்தும் போட்டார், தேதியும் போட்டார்.

அவரைக் கைபிடித்து மேலே ஏற்றிவிட்ட பிறகு, புல்லக்கா வண்டியின் சாவியைக் கழற்றிப் படிவத்தின்மேல் வைத்துத் தலைவரிடம் நீட்டினாள். தலைவர் சாவியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், பதினேழு வீட்டுக்காரர்களைப் பார்த்தார். விழா தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அண்ணன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைதட்டினார்.

வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதம் மட்டும் வரவே இல்லை. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று குழு இரண்டு கூட்டம் பேசியும் முடிவாகவில்லை. முப்பத்தெட்டு என்று கையெழுத்தான தாள் மேலிடத்துக்குப் போனது. ஆறு வாரம் கழித்து அந்த ஆமை மெஷின் வந்து இறங்கியது. தன் நீண்ட ஆய்வின் முடிவாகச் சரிவுகள் சரிவாகவே இருக்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகக் குழு தன்னைத்தானே பாராட்டி ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டது.

கூடவே எழுத்தர் பழைய படிவத்தையே எடுத்துக்கொண்டு குன்றுக்கு வந்தார். "அக்கா, இதுலயாவது கையெழுத்துப் போட்டுடுங்க. நீங்க கேட்ட மெஷின்தானே?"

"ஆமா தம்பி. வச்சுட்டுப் போ."

அவள் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சமதளத்தில் காலை ஊன்றி நின்றாள். பனி காயக் காத்திருந்து, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம், இப்படி மூன்று நாள் வெட்டினாள். மெஷின் இரண்டு தடவை சறுக்கியது. ஒரு தடவை உருண்டே போய்விட்டது. அப்போதும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், பத்து விரலும் அவளிடமே இருந்தன. குன்று முழுக்க வெட்டி முடித்து, மெஷினைக் கழுவித் துடைத்து நிறுத்திய பிறகுதான் படிவத்தை எடுத்தாள். பதினான்கை முப்பத்தெட்டு என்று திருத்தினாள். 'எதற்கும் நானே பொறுப்பு' என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்தாள். கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டாள்.

எழுத்தர் பதறினார். "அக்கா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடித் தேதியைத்தான் போடணும். விதி அப்படி."

"முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாதே, தம்பி," என்றாள் புல்லக்கா. "இன்னைக்குத்தான் தெரியும். இன்னைக்குத் தேதிதான் போடுவேன்."

அவர் அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அதை என்ன செய்வதென்று முடிவெடுக்க ஒரு குழு உட்கார்ந்திருக்கிறதாம். உட்காரட்டும்.